இருபதாயிரத்துக்குள் லேப்டாப்: அடிமூடியைக் கழற்றிப் பார்த்து வாங்குங்கள்

கோபிசெட்டிபாளையத்தில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். பிளஸ் டூ ரிசல்ட் வந்து காலேஜ் சேரும் நேரத்தில் இரண்டு விதமான ஆட்கள் கடைக்கு வருவார்கள். "இருபதாயிரத்துக்குள்ள நல்லதா ஒண்ணு சொல்லுங்க" என்று கேட்பவர்கள் ஒரு பக்கம். போன வருடம் அதே விலைக்கு வாங்கியதைப் பையில் போட்டுக்கொண்டு வருபவர்கள் இன்னொரு பக்கம்.

பவானிப் பக்கம் தறி ஓட்டும் ஒருவர் மகளைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். "ஏனுங்க தம்பி, வாங்கி ஒரு வருசங்கூட ஆகலீங்க. ஆன் பண்ணிப்போட்டு டீ குடிச்சுட்டு வந்தாலும் சுத்திக்கிட்டே இருக்குதுங்க" என்றார். 11 அங்குலத் திரை, கைக்கு அடக்கமான எடை, 4 ஜிபி மெமரி (ரேம்), 64 ஜிபி ஸ்டோரேஜ். பொண்ணு பி.காம். படிக்கிறது. பிரித்துப் பார்த்தேன், மெஷினில் ஒரு பழுதும் இல்லை. பழுதாக இருந்தால் சரிசெய்து கொடுத்திருக்கலாம். அது புதிதாக இருந்தபோதே அப்படித்தான். இதை அவரிடம் சொல்ல எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

விண்டோஸ் 11 போட வேண்டும் என்றால் மைக்ரோசாஃப்ட் கேட்கும் குறைந்தபட்ச அளவே 4 ஜிபி மெமரியும் 64 ஜிபி ஸ்டோரேஜும்தான். இதற்குக் கீழே போனால் விண்டோஸ் 11 முறைப்படி ஏறாது. பெட்டியில் 64 என்று இருந்தாலும் கம்ப்யூட்டர் அறுபதுக்குக் கீழேதான் காட்டும். அதில் ஏறக்குறைய பாதியை விண்டோஸே எடுத்துக்கொள்ளும். மீதியில் ஆபீஸ், கணக்கு எழுதும் டேலி, வாட்சப்பில் வந்த படங்கள் எல்லாம் சேர்ந்தால் அடுத்த அப்டேட்டுக்கு இடம் இருக்காது. மெமரியும் அப்படித்தான். குரோமில் நாலைந்து டேப் திறந்து ஒரு ஆன்லைன் வகுப்பும் ஓடினால் 4 ஜிபி நிரம்பிவிடும். நிரம்பியதும் விண்டோஸ் ஸ்டோரேஜில் ஒரு பகுதியையே மெமரி மாதிரி பயன்படுத்தத் தொடங்கும். அந்த ஸ்டோரேஜ் எஸ்எஸ்டி என்ற வேகமான வகையாக இருந்தால் ஓரளவு தாக்குப்பிடிக்கும். இந்த விலையில் பெரும்பாலும் வருவது இஎம்எம்சி. மலிவான போன்களில் இருக்கும் சிப் வகை அது, வேகம் குறைவு. சுத்திக்கிட்டே இருப்பதற்குக் காரணம் இதுதான்.

இதில் பெரிய சிக்கல் வேகம்கூட இல்லை. மெமரி, ஸ்டோரேஜ் இரண்டையும் போர்டிலேயே பற்றவைத்திருக்கிறார்கள். பின்னால் கையில் காசு வரும்போது கூட்டிக்கொள்ளலாம் என்றால் முடியாது. நிறைய காசு வைத்திருப்பவர் தப்பாக வாங்கினால் அடுத்த வருடம் வேறொன்று வாங்கிக்கொள்வார். திருப்பூர் பனியன் கம்பெனியில் சனிக்கிழமை சம்பளத்தில் எடுத்துவைத்து வாங்குபவருக்கு இரண்டாவது தடவை கிடையாது. அதனால்தான் விலை குறைவான மெஷினை வாங்கும்போது அதிகக் கவனம் வேண்டும் என்கிறேன்.

இந்தச் சின்ன மெஷின்கள் எங்கிருந்து வந்தன என்று தெரிந்தால் நல்லது. 2007-இல் ஆசஸ் ஈ பிசி 7 அங்குலத் திரையோடு வந்தது. அடுத்த வருடம் இன்டெல் ஆட்டம் சிப் வந்ததும் நெட்புக் என்ற பெயரில் பல கம்பெனிகள் இறங்கின. இணையம் பார்க்க, மெயில் அனுப்ப என்று உருவானவை. டேப்லெட் வந்தபின் அந்தப் பெயர் மறைந்தது. அந்தப் பழைய நெட்புக்கை இன்றும் மூவாயிரம், நாலாயிரம் சொல்லி விற்க வருகிறார்கள். வாங்காதீர்கள். பலவற்றில் 2 ஜிபிக்கு மேல் மெமரி ஏற்ற முடியாது. ஆரம்பகால ஆட்டம் என்270 வெறும் 32 பிட் சிப். விண்டோஸ் 11 64 பிட்டில் மட்டும்தான் வருகிறது.

சரி, பிறகு எதை வாங்குவது? இந்தப் பட்ஜெட்டில் நான் முதலில் சொல்வது கம்பெனிகள் பயன்படுத்திக் கழித்த பிசினஸ் லேப்டாப். லெனோவோ திங்க்பேட் டி480, டெல் லேட்டிட்யூட் 7490, ஹெச்பி எலைட்புக் 840 ஜி5 மாதிரியானவை. மூன்றும் 2018 வாக்கில் வந்த மாடல்கள். மூன்றிலும் மெமரியை மாற்றலாம், எஸ்எஸ்டியை மாற்றலாம், ஸ்க்ரூ கழற்றினால் பேட்டரி கைக்கு வரும். கோயம்புத்தூர் காந்திபுரம் கடைகளில் இப்படிப்பட்டவை வரிசையாக அடுக்கியிருப்பார்கள். புதிய லேப்டாப்பின் மினுமினுப்பு இருக்காது, கீபோர்டில் நாலு எழுத்து தேய்ந்திருக்கும். படிக்கிற பிள்ளைக்கு அது ஒரு குறையே இல்லை.

ஆனால் அங்கேயும் ஏமாறலாம். "ஐ5 சார்" என்று மட்டும் சொல்வார்கள். ஐ5-க்குப் பின்னால் இருக்கும் எண்ணைக் கேளுங்கள். 8250 என்றால் எட்டாம் தலைமுறை, 1135 என்றால் பதினொன்றாம் தலைமுறை, 6300 என்றால் ஆறு. இன்டெல்லில் பொதுவாக எட்டாம் தலைமுறையிலிருந்துதான் விண்டோஸ் 11-க்கு முறையான ஆதரவு உண்டு. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. அதனால் ஆறாம், ஏழாம் தலைமுறை மெஷின்களைக் கம்பெனிகள் தள்ளிவிடுகின்றன. அவை மலிவாகக் கிடைப்பதன் காரணம் அதுதான், கடைக்காரரின் தாராள மனசு இல்லை.

நானே ஒருமுறை மாட்டினேன். வெளியூர் வியாபாரி ஒருவரிடம் ஐந்து மெஷின் எடுத்தேன். ஓட்டிப் பார்த்தபோது எல்லாம் நன்றாக இருந்தன. விண்டோஸைப் புதிதாக ஏற்றி நெட்டில் இணைத்ததும் இரண்டில் ஏதோ ஒரு கம்பெனியின் லாகின் பக்கம் வந்து நின்றது. பழைய முதலாளியின் பதிவு நீக்கப்படவில்லை. அவர்கள் நீக்கினால்தான் உண்டு. அதிலிருந்து நெட் இணைத்து, விண்டோஸ் செட்டப்பை முழுக்க முடித்துக் காட்டாத எதையும் நான் வாங்குவதில்லை. நீங்களும் அப்படியே கேளுங்கள். விண்டோஸ் ஏறுவதற்கு முன்பே திறக்கும் அடிப்படை செட்டிங்கான பயாஸுக்குள் போக பாஸ்வேர்ட் கேட்கிறதா என்றும் பாருங்கள்.

அப்புறம் பேட்டரி. விண்டோஸிலேயே பேட்டரி ரிப்போர்ட் எடுக்க வசதி உண்டு, கடைக்காரர் ஒரு நிமிடத்தில் எடுத்துத் தரலாம். தயாரித்தபோது இருந்த கொள்ளளவு, இப்போது நிரம்பும் கொள்ளளவு இரண்டும் அதில் இருக்கும். பாதிக்குக் கீழே போயிருந்தால் புது பேட்டரிக்கான காசை விலையில் கழித்துப் பேசுங்கள். டச்பேட் மேலே எழும்பியிருந்தால் பேட்டரி உப்பியிருக்கிறது என்று அர்த்தம். அந்த மெஷினைத் தொடவே வேண்டாம்.

புதிதுதான் வேண்டும் என்பவர்கள் 8 ஜிபி மெமரியும் 256 ஜிபி எஸ்எஸ்டியும் இல்லாத எதையும் எடுக்க வேண்டாம். கடையில் ஓடிக்கொண்டிருக்கும் டெமோ பீஸில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து, பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் மெமரியைத் தட்டுங்கள். ஃபார்ம் ஃபேக்டர் என்ற இடத்தில் 'ரோ ஆஃப் சிப்ஸ்' என்று வந்தால் பற்றவைத்த மெமரி. 'சோடிம்' என்று வந்தால் ஸ்லாட்டில் செருகியது. விண்டோஸுக்குப் பதில் கூகுளின் குரோம் ஓஎஸ் ஓடும் குரோம்புக் நல்ல பொருள்தான், ஆனால் நம் பக்கம் பி.காம். படிக்கும் பிள்ளைகளுக்கு டேலி வேண்டும். டேலி விண்டோஸுக்கான சாஃப்ட்வேர், குரோம்புக்கில் நேரடியாகப் போட முடியாது.

சர்வீஸ் சென்டர் எங்கே இருக்கிறது என்பதையும் பணம் கொடுக்கும் முன் கேட்க வேண்டும். தாளவாடியிலிருந்து ஒரு தம்பி, திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவையும் இறங்கி என் கடைக்கு வந்தார். வாரண்டி இருக்கிறது, ஆனால் அந்த பிராண்டுக்கு ஈரோட்டிலும் ஆள் இல்லை, கோயம்புத்தூரிலும் இல்லை. கூரியரில் அனுப்பச் சொல்லிவிட்டார்கள்.

அரசு முத்திரை உள்ள லேப்டாப்பை யாராவது விற்க வந்தால் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வாங்காதீர்கள். 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் ஒரு மாணவருக்குப் படிக்கக் கொடுத்தது அது. மற்றபடி எதை வாங்கினாலும் சீரியல் எண் எழுதிய ஜிஎஸ்டி பில் கேளுங்கள். பில் இருந்தால்தான் தகராறு வரும்போது தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழைத்துப் பேச ஆதாரம் இருக்கும்.

பவானிக்காரர் மகளின் மெஷினில் விண்டோஸை எடுத்துவிட்டு, அதற்குப் பதில் லினக்ஸ் மின்ட் என்ற இலவச ஆபரேட்டிங் சிஸ்டம் போட்டுக் கொடுத்தேன். டைப் அடிக்கவும் பாடம் பார்க்கவும் இப்போது நிதானமாக ஓடுகிறது. டேலிக்கு அந்தப் பொண்ணு இன்னும் காலேஜ் லேபுக்குத்தான் போகிறது. தீபாவளி போனஸ் வந்ததும் டி480 ஒன்று பார்க்கச் சொல்லியிருக்கிறார்.