படுக்கையறையில் ஸ்நேக் பிளான்ட் வைக்கலாமா?

"ராத்திரியிலும் ஆக்சிஜன் தரும் செடி என்று நர்சரியில் சொன்னார்கள். கட்டில் பக்கத்தில் வைக்கலாமா?" என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார். தாராளமாக வைக்கலாம். ஆக்சிஜனை மட்டும் எதிர்பார்க்காதீர்கள்.

ஒளிச்சேர்க்கை எல்லோரும் பள்ளியில் படித்ததுதான். அதில் ஆக்சிஜன் வருவது தண்ணீர் மூலக்கூறு உடைவதால். உடைக்க ஒளி வேண்டும். இருட்டில் எந்தச் செடியாலும் ஆக்சிஜன் தயாரிக்க முடியாது. சரி, இந்த வதந்தி எங்கிருந்து கிளம்பியது? அதற்குப் பின்னால் ஓர் அருமையான சங்கதி இருக்கிறது.

பெரும்பாலான செடிகள் பகலில் இலைத்துளைகளைத் திறந்து கார்பன் டை ஆக்சைடை எடுத்துக்கொள்ளும். அதே துளைகள் வழியாகத் தண்ணீரும் ஆவியாகிப் போய்விடும். வறண்ட நிலத்துச் செடிக்கு இது கட்டுப்படியாகாது. அதனால் ஸ்நேக் பிளான்ட், சோற்றுக்கற்றாழை, சப்பாத்திக்கள்ளி எல்லாம் வெக்கை தணிந்த பிறகு, இரவில்தான் துளைகளைத் திறக்கின்றன. அப்போது உள்ளே வரும் கார்பன் டை ஆக்சைடை மாலிக் அமிலமாக மாற்றி, செல்லுக்குள் சேர்த்து வைக்கின்றன. விடிந்ததும் துளைகளை மூடிவிட்டு, அந்த அமிலத்திலிருந்து கார்பன் டை ஆக்சைடை மீண்டும் பிரித்து, வெளிச்சத்தில் சர்க்கரை செய்கின்றன. கல்யாண வீட்டில் ராத்திரியே காய் நறுக்கி வைத்துவிட்டு, விடிந்ததும் அடுப்பு மூட்டுகிற மாதிரி.

இதை நாக்கால் கண்டுகொண்டவர் ஒருவர் நம் பக்கத்திலேயே வேலை பார்த்தவர். பெஞ்சமின் ஹைன் என்ற அவர் தரங்கம்பாடிக்கு மிஷனரியாக வந்து, பிறகு கிழக்கிந்தியக் கம்பெனியின் தாவரவியலாளர் ஆனார். ரணகள்ளி இலையை மென்று பார்த்தார்: காலையில் நல்ல புளிப்பு, மத்தியானம் சப்பென்று இருந்தது, சாயங்காலம் லேசான கசப்பு. லண்டனில் உள்ள லின்னேயன் சங்கம் என்ற இயற்கையியல் அறிஞர்கள் அமைப்புக்கு எழுதி அனுப்பினார், 1815-இல் அச்சானது. இரவில் சேர்ந்த அமிலம் பகலில் செலவாவதைத்தான் அவர் ருசித்திருக்கிறார். நீங்கள் மெல்ல வேண்டாம், ரணகள்ளியில் இதயத்தைப் பாதிக்கும் பொருட்கள் உண்டு. விடியற்காலையில் ஓர் இலை, சாயங்காலம் ஓர் இலை என்று கசக்கி, சாற்றை பி.எச். தாளில் (அமிலத்தின் அளவை நிறம் மாறிக் காட்டும் தாள்) தொட்டுப் பாருங்கள், போதும். இவ்வளவு மலிவான சோதனை நம் பள்ளி ஆய்வகங்களில் ஏன் இல்லை என்பது எனக்குப் புரியவே இல்லை.

ஆக, இந்தச் செடி இரவில் கார்பன் டை ஆக்சைடை உள்ளே வாங்குகிறது; அதுதான் ஃபார்வர்டு ஆகி ஆகி 'ஆக்சிஜன் தருகிறது' என்றாகிவிட்டது. இதற்கு நேர்மாறான கதையும் நம்மிடம் உண்டு: புளியமரத்தடியில் ராத்திரி படுத்தால் பேய் அமுக்கும். "பேய் இல்லை, மரம் விடும் கரியமில வாயுதான்" என்று விளக்குபவர்கள் பகுத்தறிவு பேசுவதாக நினைக்கிறார்கள். திறந்தவெளியில் அந்த வாயு அப்படித் தேங்கி நிற்காது. விஞ்ஞான வார்த்தை போட்டுக்கொண்ட மூடநம்பிக்கை என்பேன்.

கணக்கும் பார்த்துவிடலாம். படுத்திருக்கும் ஒருவருக்கு நிமிடத்துக்குச் சுமார் 250 மில்லிலிட்டர் ஆக்சிஜன் தேவை, எட்டு மணி நேரத்துக்கு 120 லிட்டர். பத்துக்குப் பத்து அறையில், பத்தடி உயரம் என்றால், கிட்டத்தட்ட 5,900 லிட்டர் ஆக்சிஜன் ஏற்கெனவே இருக்கிறது. கதவிடுக்கு வழியாகக் காற்றும் வந்துபோகும். தொட்டிச்செடி இதில் எதையும் மாற்றிவிடாது.

அப்புறம், எந்த இடம்? வாஸ்து திசையை விடுங்கள், வெளிச்சத்தைப் பாருங்கள். வடக்கு ஜன்னலில் வெயிலே படாது என்று வெளிநாட்டுக் குறிப்புகளில் இருக்கும். சென்னையில் மே முதல் ஜூலை வரை சூரியன் வடக்கே நகர்ந்திருப்பதால், காலையும் மாலையும் அங்கேயும் கொஞ்சம் வெயில் விழும். படுக்கையறையில் ஜன்னலை ஒட்டி ஓரிடம் இருந்தால் அங்கே வையுங்கள். கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவில் வைத்தாலும் செடி சட்டென்று சாகாது, ஆனால் வளராது. வளராத செடி தண்ணீரும் அதிகம் குடிக்காது. தினமும் ஊற்றினால் வேர் அழுகிவிடும். மண்ணுக்குள் விரலை விட்டுப் பார்த்து, நன்றாகக் காய்ந்திருந்தால் மட்டும் ஊற்றுங்கள்.