சோலார் வேலியை யானை ஏன் மதிப்பதில்லை?

ராகி கதிர் பிடித்ததும் பன்னார்கட்டா, காவிரிக் காடுகளிலிருந்து வரும் யானைக் கூட்டங்கள் கிருஷ்ணகிரி மாவட்டத்தின் ஜவளகிரி, தேன்கனிக்கோட்டை, சானமாவு என்று காட்டோர ஊர்களைச் சுற்ற ஆரம்பிக்கும். அறுவடை முடியும்வரை விவசாயிக்கு ராத்தூக்கம் கிடையாது. தருமபுரி மாவட்டத்தின் பாலக்கோடு, பென்னாகரம் பக்கம் காட்டுப்பன்றித் தொல்லையும் சேர்ந்துகொள்கிறது. இந்த நெருக்கடியில்தான் சிலர் மோட்டார் ரூமிலிருந்து ஒயரை இழுத்து வரப்போரக் கம்பியில் மாட்டிவிடுகிறார்கள். 2023 மார்ச்சில் மாரண்டஅள்ளி அருகே அப்படிக் கட்டிய கம்பியில் ஒரே இரவில் மூன்று யானைகள் செத்தன. கூட வந்த இரண்டு குட்டிகள் மட்டும் தப்பின.

இப்படிக் கம்பிக்கு நேரடியாக லைன் கரண்ட் கொடுப்பவர்களிடம் கேட்டால் பலரும் சொல்வது, "சோலார் வேலி போட்டுப் பார்த்தோம், யானை மதிக்கவே இல்லை." அவர்கள் பொய் சொல்லவில்லை. ஆனால் பேனலையோ பேட்டரியையோ குறை சொல்வதற்கு முன்னால் அந்த வேலியின் எர்த்தை, அதாவது மண்ணில் இறக்கிய இணைப்பைத் தோண்டிப் பார்க்க வேண்டும். பெரும்பாலும் கோளாறு அங்கேதான் இருக்கும்.

முதலில் சோலார் வேலிக்கும் லைன் கரண்டுக்கும் உள்ள வித்தியாசம். சோலார் வேலியின் எனர்ஜைசர் என்ற கருவி 12 வோல்ட் பேட்டரியிலிருந்து கரண்டை எடுத்துச் சேர்த்து, ஏறக்குறைய ஒரு விநாடிக்கு ஒருமுறை கம்பிக்குள் தள்ளுகிறது. கம்பியில் 5,000 முதல் 10,000 வோல்ட் வரை இருக்கும்; ஆனால் ஒவ்வொரு அடியும் விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட நீடிக்காது. அடுத்த அடிக்குள் விலங்கு விலகிக்கொள்ள நேரம் இருக்கிறது. லைன் கரண்ட் 230 வோல்ட்தான் என்றாலும் விடாமல் பாய்கிறது. தசை இறுகிப் போவதால் பிடித்த கையை எடுக்க முடியாது. இதயத்தின் துடிப்பைக் குலைக்க ஒரு ஆம்பியரில் பத்தில் ஒரு பங்கு போதும்.

"ஃபியூஸ் இருக்கிறதே, போய்விடும்" என்று நம்பாதீர்கள். மோட்டார் ரூம் ஃபியூஸ் பதினைந்து, இருபது ஆம்பியரைத் தாங்கும். கம்பியில் சிக்கிய உடம்பு வழியாகப் போவது அதில் சின்னப் பங்குதான். ஆள் செத்த பிறகும் ஃபியூஸ் அப்படியே இருக்கும். விடியற்காலையில் தண்ணீர் பாய்ச்ச வருகிற உங்கள் வீட்டு ஆளுக்கும் இதே கதிதான்.

இனி எர்த். யானை கம்பியைத் தொட்டால், கரண்ட் அதன் உடம்பு வழியாக மண்ணில் இறங்கி, எர்த் ராடு வழியாக எனர்ஜைசருக்குத் திரும்பி வர வேண்டும். இந்தச் சுற்று முழுமையானால்தான் அடி விழும். நம் இரண்டு மாவட்டங்களிலும் காட்டோர நிலம் பெரும்பாலும் சரளை கலந்த செம்மண். கொஞ்சம் தோண்டினால் பாறை. மழை நின்று சில வாரங்களில் மேல்மண் காய்ந்து கரண்டைக் கடத்தாமல் போகிறது. ஒன்றரை அடி ஆழத்தில் ஒற்றைக் கம்பியை அடித்து வைத்த வேலி தை மாதமே செத்துவிடும்.

குறைந்தது மூன்று ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) ராடு, ஒவ்வொன்றும் ஆறடி நீளம், பத்தடி இடைவெளியில். பாறை தட்டினால் இடத்தை மாற்றுங்கள், ராடை வெட்டிக் குட்டையாக்காதீர்கள். தண்ணீர்த் தொட்டி ஓரம், கிணற்று மேடு, வாய்க்கால் கரை என்று ஈரம் நிற்கும் இடம் பார்த்து அடியுங்கள். உப்புப் போட்டால் முதலில் நன்றாக வேலை செய்யும், பிறகு ராடையே அரித்துவிடும்; கோடையில் வாரம் ஒருமுறை தண்ணீர் ஊற்றுவது மேல். வேலியின் எர்த்தும் மோட்டார் ரூம் எர்த்தும் முப்பதடிக்குமேல் தள்ளி இருக்க வேண்டும்.

எர்த்தைச் சோதிப்பது எளிது. எனர்ஜைசரை அணைத்துவிட்டு, அது இருக்கும் இடத்திலிருந்து நூறு மீட்டர் தள்ளி நாலைந்து இரும்புக் கடப்பாரைகளைக் கம்பியில் சாய்த்து மண்ணில் ஊன்றுங்கள். மறுபடி ஆன் செய்தால் கம்பியின் வோல்ட் 2,000-க்குக் கீழே இறங்க வேண்டும். இறங்காவிட்டால் இன்னும் இரண்டு கடப்பாரை சேருங்கள். இப்போது கடைசி எர்த் ராடுக்கு மூன்றடி தள்ளி ஒரு ஆணியை அடித்து, வேலி வோல்ட்மீட்டரின் ஒரு முனையை ஆணியிலும் மறுமுனையை ராடிலும் வையுங்கள். 300 வோல்ட்டுக்குள் காட்டினால் எர்த் சரி. அதற்குமேல் என்றால் இன்னொரு ராடு அடித்துவிட்டு மறுபடி பாருங்கள். வீட்டு டெஸ்டரையும் சாதாரண மல்டிமீட்டரையும் இதற்குப் பயன்படுத்தக் கூடாது.

எத்தனை ராடு அடித்தும் சரிவராத பாறை நிலமும் உண்டு. அங்கே ஐந்து கம்பி வேலியில் 1, 3, 5-வது கம்பிகளுக்குக் கரண்டும், 2, 4-வது கம்பிகளுக்கு எர்த்தும் கொடுங்கள். இரண்டையும் சேர்த்துத் தொடும் விலங்குக்கு மண் காய்ந்திருந்தாலும் அடி விழும். கம்பிகள் தொய்ந்து ஒன்றோடொன்று ஒட்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

அடுத்த எதிரி கொடி. மழைக்குப் பிறகு கோவைக்கொடியும் வேலிப்பருத்தியும் பத்தே நாளில் கம்பியைப் பிடித்துவிடும். உண்ணிச்செடி சாய்ந்து கிடக்கும். ஒவ்வொரு பச்சைக் கொடியும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரண்டை மண்ணில் இறக்குகிறது. இரண்டு பக்கமும் மூன்றடி செதுக்கிவிடுங்கள். இன்சுலேட்டருக்குப் பதிலாகச் சைக்கிள் டியூப், பைப் துண்டு கட்டுவதும் இதே வேலையைத்தான் செய்யும்: வெயிலில் வெடித்து, பனி இறங்கியதும் கசியும். இருட்டிய பிறகு வேலியோரம் மெதுவாக நடந்து பாருங்கள். கசியும் இடத்தில் "டிக், டிக்" என்று சத்தம் கேட்கும். உற்றுப் பார்த்தால் நீலப் பொறி தெரியும். வேலி வாசலுக்கு அடியில் வீட்டு ஒயரைப் புதைத்திருந்தால் அங்கேயும் பாருங்கள். அந்த உறை இவ்வளவு வோல்ட்டைத் தாங்காது.

இவ்வளவும் சரியாக இருந்தும் சில கொம்பன்கள் உடைக்கும். தந்தத்தில் கரண்ட் ஏறாது என்று அவை சீக்கிரம் கற்றுக்கொள்கின்றன; கம்பியைத் தந்தத்தால் நெம்பும், கல்தூணைக் காலால் சாய்க்கும். அதனால் தூண் வயல் பக்கமாக உள்ளே தள்ளி நிற்கட்டும், கரண்ட் கம்பி வெளிப்பக்கம் ஒன்றரை அடி நீட்டிக்கொண்டு இருக்கட்டும். தொங்கும் வேலி இதற்கு இன்னும் நல்லது. மேலே ஓடும் கம்பியிலிருந்து இறங்கும் இழைகள் தரைக்கு மூன்று, நான்கு அடி மேலேயே நின்றுவிடுவதால் களையும் தொடாது, யானைக்குத் தூணும் எட்டாது. பன்றியை மட்டும் அது தடுக்காது.

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். காப்புக்காட்டிலிருந்து 5 கிலோமீட்டருக்குள் புதிய மின்வேலி போட வனத்துறையின் முன்அனுமதி வேண்டும், ஏற்கெனவே போட்டதைப் பதிவு செய்ய வேண்டும். 2023-ல் வந்த தமிழக அரசின் விதி இது. எனர்ஜைசர் வாங்கும்போது பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) 302-2-76 தரத்துக்கு உட்பட்டதா என்று கேட்டு வாங்குங்கள். யானை செத்தால் வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குறைந்தது 3 ஆண்டு, அதிகம் 7 ஆண்டு சிறை. மின்திருட்டு வழக்கு தனி. பயிர் அழிந்தால் வயலைச் சீர்செய்யாமல் போட்டோ எடுத்து, வனச்சரக அலுவலகத்தில் மனு கொடுங்கள். இழப்பீட்டுக்கு அவர்கள் நேரில் வந்து பார்க்க வேண்டும்.

எந்த வேலியோரமாவது பன்றியோ மாடோ செத்துக் கிடந்தால் கிட்டப் போகாதீர்கள், ஈர மண்ணில் கால் வைக்காதீர்கள். பக்கத்து மோட்டார் ரூம் மெயினை இறக்கிவிட்டோம் என்று தைரியமாகத் தொடவும் வேண்டாம். கரண்ட் இழுக்கும் கொக்கியை வேறு லைனில் மாட்டியிருக்கலாம். மின்வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987. டிரான்ஸ்பார்மரிலேயே சப்ளையை நிறுத்தச் சொல்லுங்கள். வயர்மேன் வந்து கம்பியைச் சோதித்துச் சொல்லும்வரை மற்றவர்களையும் ஆடுமாடுகளையும் அந்தப் பக்கம் விடாதீர்கள்.