திறமூலம்: ஒரு சொல்லும் அதன் மூன்று காலமும்

என் அக்காவின் கணவர் மதுரையில் மோட்டார் உதிரிபாகக் கடை வைத்திருக்கிறார். கடைக்குப் புதுக் கணினி வாங்கிய அன்று, ‘ஓப்பன் சோர்ஸ் மென்பொருள்களே போதும் மாமா, நான் போட்டுத் தருகிறேன்’ என்றேன். ‘இலவசமாகக் கிடைப்பதுதானே? கணினி விற்ற இடத்திலேயே எல்லாவற்றையும் இலவசமாகப் போட்டுக் கொடுத்துவிட்டார்கள், மாப்பிள்ளை’ என்றார். திறந்து பார்த்தேன். அத்தனையும் விலை கொடுத்து வாங்க வேண்டிய மென்பொருள்களின் திருட்டு நகல்கள். அவர் மேல் தவறில்லை. திருட்டு நகல், விளம்பரத்துக்காகக் காசு வாங்காமல் தரப்படும் செயலி, உள்ளே எழுதியிருப்பதை யாரும் படித்துத் திருத்தலாம் என்று தரப்படும் ஓப்பன் சோர்ஸ் (தமிழில் திறமூலம்) ஆகிய மூன்றையும் நாம் ‘இலவசம்’ என்ற ஒரே சாக்கில் கட்டி வைத்திருக்கிறோம். அந்தச் சாக்கை அவிழ்த்துத் தரம் பிரிக்க வேண்டும்.

‘சோர்ஸ்’ என்ற ஆங்கிலச் சொல் பழைய பிரெஞ்சிலிருந்து வந்தது. அதற்கும் அடியில் ‘எழு, கிளம்பு’ என்று பொருள்படும் லத்தீன் வினை இருக்கிறது. நிலத்தடியிலிருந்து கிளம்பும் நீர், அதாவது ஊற்று, என்பது அதன் பழைய பொருள். கணினித் துறையில் அது நிரலர், அதாவது மென்பொருளை எழுதுபவர், எழுதும் மூலநிரலைக் குறிக்கிறது. மனிதர் படித்துப் புரிந்துகொள்ளக்கூடிய வடிவம் அது. அதைக் கணினி மட்டுமே ஓட்டக்கூடிய எண்கோவையாக மாற்றுகிறது கம்பைலர். கடையில் வாங்கும் மென்பொருளில் பெரும்பாலும் நம் கைக்கு வருவது இந்த எண்கோவை மட்டும். ஓட்டலாம். உள்ளே என்ன நடக்கிறது என்று படிக்கவோ பழுது பார்க்கவோ வழியில்லை.

இதற்குத் தமிழில் ‘மூலம்’ என்று வைத்தார்களே, அது எனக்கு மிகவும் பிடித்த தேர்வு. வேர் என்று பொருள்படும் வடசொல்தான். ஆனால் மூலவர், மூலிகை என்று நம் பேச்சில் வேர் விட்டு வெகுகாலம் ஆகிறது. ‘மூலமும் உரையும்’ என்று அச்சிட்ட நூல்களைப் பார்த்திருப்பீர்கள். உரையாசிரியர் சொல்வதை மட்டும் தராமல் மூலத்தையும் உடன் தருவது ஏன்? உரை சரிதானா என்று படிப்பவர் தாமே ஒப்பிட்டுப் பார்க்கலாம். மூலம் கையில் இருந்தால் நாளை வேறொருவர் புதிய உரை எழுதலாம். ஓப்பன் சோர்ஸ் என்ற ஏற்பாடு தருவதும் இந்த உரிமையைத்தான்.

இன்னும் நெருக்கமான சொல் ஒன்று சார்பதிவாளர் அலுவலகத்தில் இருக்கிறது: மூலப்பத்திரம். மனை வாங்கும்போது முதலில் அதைத்தான் கேட்கிறோம். ‘நிலத்தில் குடியிருந்துகொள்ளுங்கள், பத்திரம் மட்டும் என்னிடமே இருக்கட்டும்’ என்று விற்பவர் சொன்னால் எழுந்து வந்துவிடுவோம். மென்பொருளில் மட்டும் அந்தப் பேச்சுக்கு மறுபேச்சில்லாமல் தலையாட்டுகிறோம்.

இனி ‘ஓப்பன்’. இந்தச் சேர்க்கை பிறந்த கதை தெளிவாகப் பதிவாகியிருக்கிறது. ஆனால் அதற்கு முன்பே ஒரு சொல் இருந்தது. 1980 வாக்கில் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழக ஆய்வகத்துக்கு ஜெராக்ஸ் நிறுவனம் ஒரு லேசர் அச்சுப்பொறியைக் கொடுத்தது. தாள் அடிக்கடி சிக்கிக்கொள்ளும். பழைய அச்சுப்பொறியின் நிரலைத் திருத்தி, சிக்கல் வந்தால் பயனர்களுக்குச் செய்தி போகும்படி செய்திருந்தார் அங்கே பணியாற்றிய ரிச்சர்ட் ஸ்டால்மன். புதியதற்கு மூலநிரல் தர மறுத்துவிட்டார்கள். இது போன்ற அனுபவங்கள் அவரை 1983 செப்டம்பரில், யாரும் படித்துத் திருத்தக்கூடிய இயங்குதளம் ஒன்றை உருவாக்கும் குனூ திட்டத்தை அறிவிக்க வைத்தன. அவர் வைத்த பெயர் ‘ஃப்ரீ சாஃப்ட்வேர்’. எந்த நோக்கத்துக்கும் இயக்கலாம், படித்துத் திருத்தலாம், நகலெடுத்துக் கொடுக்கலாம், திருத்தியதையும் பரப்பலாம் என்பவை அவர் வகுத்த நான்கு சுதந்திரங்கள்.

ஆங்கிலத்தில் ‘ஃப்ரீ’ என்ற சொல்லுக்கு விடுதலை என்றும் பொருள், காசில்லாதது என்றும் பொருள். கேட்டவர்கள் எல்லாரும் இரண்டாவதைப் பிடித்துக்கொண்டார்கள். இத்தனைக்கும் ஸ்டால்மனே 1985-இல் உரை எழுத உதவும் தம் ஈமாக்ஸ் மென்பொருளை நாடாவில் பதிந்து 150 டாலருக்கு விற்றார்! விற்பதற்கு எந்தத் தடையும் இல்லை. வாங்கியவர் கையைக் கட்டக் கூடாது என்பதே நிபந்தனை.

1998 ஜனவரியில் நெட்ஸ்கேப் நிறுவனம் தன் இணைய உலாவியின் மூலநிரலை வெளியிடப்போவதாக அறிவித்தது. இந்த வாய்ப்பை எப்படிப் பயன்படுத்துவது என்று பேச, பிப்ரவரி தொடக்கத்தில் கலிபோர்னியாவில் சிலர் கூடினார்கள். அவர்களுள் ஒருவரான கிறிஸ்டீன் பீட்டர்சன் ஏற்கெனவே ‘ஓப்பன் சோர்ஸ்’ என்ற சொல்லை யோசித்து வைத்திருந்தார். புதிதாக வருபவர்களுக்கு விலைக் குழப்பம் வரக் கூடாது என்பதே அவர் கவலை. கூட்டத்தில் அதை முன்மொழியத் தயங்கினார். அவருடைய நண்பர் பேச்சோடு பேச்சாக அதைப் பயன்படுத்தினார். சற்று நேரத்தில் மற்றவர்களும் பயன்படுத்தத் தொடங்கிவிட்டார்கள். அதே மாதம் நிரலர்கள் எரிக் ரேமண்டும் புரூஸ் பெரென்ஸும் ஓப்பன் சோர்ஸ் இனிஷியேட்டிவ் அமைப்பைத் தொடங்கினார்கள். டெபியன் என்ற இயங்குதளத்தை உருவாக்கும் குழுவின் விதிகளை அடியொற்றிப் பத்து நிபந்தனைகள் கொண்ட வரையறை வந்தது. பெயரை வணிகச் சின்னமாகப் பதிவு செய்யும் முயற்சி மட்டும் கைகூடவில்லை. நிபந்தனைகளை நிறைவேற்றாதவர்களும் இன்று அந்தப் பெயரை ஒட்டிக்கொள்ள முடிவதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஆங்கிலேயர் பட்ட பாடு தமிழுக்கு வேண்டியதில்லை. விலை இல்லாதது ‘இலவசம்’. நம் அரசு மடிக்கணினி கொடுத்தபோது ‘விலையில்லா’ என்றது. தளை இல்லாதது ‘கட்டற்ற’. ஃப்ரீ சாஃப்ட்வேருக்குக் ‘கட்டற்ற மென்பொருள்’ என்ற பெயர் நிலைத்துவிட்டது. தமிழ் விக்கிப்பீடியாவும் தன்னைக் கட்டற்ற கலைக்களஞ்சியம் என்றே அழைத்துக்கொள்கிறது. இதைக் ‘கட்டணமற்ற’ என்று அவசரத்தில் படித்துவிடுபவர்கள் உண்டு. இரண்டெழுத்து கூடினால் மொத்தக் கொள்கையும் மாறிப்போகிறது, கவனியுங்கள்.

ஓப்பன் சோர்ஸுக்கு மூன்று பெயர்கள் புழங்குகின்றன: திறந்த மூலம், திறவூற்று, திறமூலம். ஆங்கிலச் சொல்லின் நீர்ப்பொருளை அப்படியே ஏந்தி வருவது திறவூற்று, அழகான சொல். ஆனாலும் மூலமும் உரையும், மூலப்பத்திரமும் தரும் பிடிப்பு அதில் இல்லை. மீதி இரண்டில் நான் திறமூலத்தின் பக்கம். காரணம் இலக்கணத்தில் இருக்கிறது. ‘திறந்த’ என்பது இறந்தகாலப் பெயரெச்சம். என்றோ ஒரு நாள் திறந்தார்கள் என்பதற்கு மேல் அது எந்த உறுதியும் தருவதில்லை. திறமூலம் வினைத்தொகை. குடிநீர் என்றால் குடித்த நீர், குடிக்கிற நீர், குடிக்கும் நீர் என்று முக்காலமும் அதனுள் மறைந்திருப்பதைப் போல, திறந்த, திறக்கிற, திறக்கும் மூலம் என்று மூன்றும் இதில் அடங்கும். திறம் என்ற பெயர்ச்சொல்லோடு சிலர் மயங்கக்கூடும். இரண்டு முறை கேட்டால் அந்த மயக்கம் போய்விடும்.

இது வெறும் இலக்கண வேடிக்கை என்று நினைக்க வேண்டாம். 2023 ஆகஸ்டில் ஹாஷிகார்ப் நிறுவனம், சர்வர்களை அமைக்க உதவும் டெராஃபார்ம் மென்பொருளின் உரிமத்தைத் திறமூலம் அல்லாத ஒன்றாக மாற்றியது. 2024-இல் தரவுத்தள மென்பொருளான ரெடிஸை வைத்திருக்கும் நிறுவனமும் அதையே செய்தது. இரண்டு இடத்திலும் பயனர்கள் கையைப் பிசைந்துகொண்டு நிற்கவில்லை. முன்பு வெளியான பதிப்பின் மூலம் அவர்களிடம் இருந்தது. அதிலிருந்து ஓப்பன்டோஃபு, வால்கீ என்று தனியாகப் பிரிந்த கிளைகளை வளர்த்தார்கள். கடிதமும் கணக்கும் எழுத நம் வீடுகளில் புழங்கும் லிப்ரே ஆபீஸே அப்படிக் கிளைத்ததுதான். ஓப்பன் ஆபீஸை வைத்திருந்த சன் நிறுவனம் 2010-இல் ஆரக்கிளின் கைக்குப் போனது. கவலையடைந்த பங்களிப்பாளர்கள் அதே ஆண்டு செப்டம்பரில் பிரிந்து வந்து தனி அறக்கட்டளை கண்டார்கள். கொடுத்த மூலத்தைத் திரும்பப் பிடுங்க முடியாது என்ற எதிர்கால உறுதிதான் இந்தச் சொல்லின் உயிர்.

எதிர்ச்சொல்லில்தான் நாம் பெரிதாகச் சறுக்கியிருக்கிறோம். மூலத்தை நிறுவனம் தன் கையிலேயே வைத்துக்கொள்ளும் ப்ரொப்ரைட்டரி மென்பொருளைத் ‘தனியுரிமை மென்பொருள்’ என்று எழுதுகிறார்கள். பிரைவசிக்கும் தனியுரிமை என்றுதான் எழுதுகிறோம். படிப்பவர் அது தம் அந்தரங்கத்தைக் காக்கும் மென்பொருள் என்றல்லவா புரிந்துகொள்வார்? ‘தனியுடைமை மென்பொருள்’ என்பதே சரி. பொதுவுடைமைக்கு எதிரே அந்தச் சொல் ஏற்கெனவே நம்மிடம் பழகியிருக்கிறது.

தனியுடைமையின் வலியைத் தமிழர்களுக்கு விளக்கவே வேண்டியதில்லை. எல்லா மொழி எழுத்துகளுக்கும் பொதுவான யூனிகோடு வருவதற்கு முன், பல எழுத்துருக்கள் தமக்கென ஒரு குறியாக்கம், அதாவது எழுத்தை எண்ணாகப் பதியும் முறை, வைத்திருந்தன. அன்று தட்டச்சு செய்த கல்யாண அழைப்பிதழும் சங்கத்துத் தீர்மானமும் அந்த எழுத்துரு இல்லாத கணினியில் புரியாத குறிகளாக விரியும். எழுதியது நாம், சாவி வேறொருவரிடம். அந்தக் கோப்புகளை மாற்றும் கருவிகளை ஆர்வலர்கள் உட்கார்ந்து எழுதியிராவிட்டால் எத்தனையோ பக்கங்களை இழந்திருப்போம்.

மாமாவின் கடையிலும் அதுதான் நடந்திருந்தது. ஆறு வருடக் கணக்கு ஒரு சிறு நிறுவனத்தின் மென்பொருளுக்குள் இருந்தது. நிறுவனத்தை மூடிவிட்டார்கள். புதுக் கணினியில் அது உரிமச் சாவி கேட்டது; கொடுப்பதற்கு ஆள் இல்லை. பழைய கணினியை உயிரோடு வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பக்கமாக அச்செடுத்தோம்.

வீட்டுக் கணினியைத் திறமூலத்துக்கு மாற்றுவது எளிது. உலாவிக்கு ஃபயர்ஃபாக்ஸ், படம் பார்க்க விஎல்சி, கடிதமும் கணக்கும் எழுத லிப்ரே ஆபீஸ். தமிழ்த் தட்டச்சுக்கு எந்தக் குறையும் இல்லை. 2025 அக்டோபர் 14-உடன் விண்டோஸ் 10-க்கான பொதுவான ஆதரவு முடிந்துவிட்டதால் தூக்கி எறிய நினைக்கும் பழைய கணினிகள் பலவற்றில், விண்டோஸுக்குப் பதிலாகக் கணினியை இயக்கும் திறமூல இயங்குதளமான லினக்ஸ் நன்றாகவே ஓடும்.

கடைக்கும் அலுவலகத்துக்கும் அப்படிச் சொல்லிவிட முடியாது. ஜெர்மனியின் மியூனிக் மாநகராட்சி 2003-இல் லினக்ஸுக்கு மாற முடிவெடுத்து, பல ஆண்டு உழைத்து, 2017-இல் விண்டோஸுக்கே திரும்பத் தீர்மானித்தது. அதே நாட்டின் ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் மாநிலம் 2024-இல் ஏறத்தாழ 30,000 கணினிகளை லிப்ரே ஆபீஸுக்கு மாற்றுவதாக அறிவித்தது. உரிமக் கட்டணம் மிச்சமாகும். பயிற்சிக்கும் பராமரிப்புக்கும் பணம் வேண்டும். அதைச் சொல்லாமல் ‘எல்லாம் இலவசம்’ என்று கூட்டிக்கொண்டு போகிறவர்கள்தான் பிறகு திறமூலத்துக்கு ஏச்சு வாங்கித் தருகிறார்கள். நிறுவனக் கணக்கும் சரக்கும் பார்க்க, மும்பையில் உருவான இஆர்பிநெக்ஸ்ட் திறமூலமாகவே இருக்கிறது. நிறுவித் தர ஆள் வைத்தால் அவருக்குக் கூலி கொடுக்கத்தான் வேண்டும். அவர் சரியில்லை என்றால் வேறொருவரை அழைக்கலாம்; மூலம் அவருடைய பெட்டியில் இல்லை.

மாமாவின் கணினியிலிருந்து திருட்டு நகல்களை அழித்துவிட்டு லினக்ஸ் நிறுவினேன். விலைப்பட்டியலும் சரக்கு இருப்பும் இப்போது லிப்ரே ஆபீஸில் இருக்கின்றன. வரிக்கணக்கு மட்டும் ஆடிட்டர் கேட்கிற தனியுடைமை மென்பொருளில், இந்த முறை முறையாக விலை கொடுத்து வாங்கி, இன்னொரு கணினியில் ஓடுகிறது. மாத முடிவில் அதிலிருந்து எல்லாவற்றையும் எந்த மென்பொருளிலும் திறக்கக்கூடிய எளிய அட்டவணைக் கோப்பாக எடுத்துப் பென்டிரைவில் போட்டு, கடைப் பத்திரங்கள் இருக்கும் இரும்புப் பெட்டியிலேயே மாமா வைத்துக்கொள்கிறார்.