வௌவாலுக்குக் கேட்கும் இலை

மார்க்கிரேவியா கொடியை இளசாக ஒருமுறையும் முற்றிய பிறகு ஒருமுறையும் பார்த்தவர்கள், இரண்டும் ஒரே செடி என்று சத்தியம் செய்தாலும் நம்பமாட்டார்கள். அமெரிக்கக் கண்டத்தின் வெப்பமண்டலக் காடுகளிலும் கரீபியத் தீவுகளிலும் வளரும் இந்தப் பேரினத்தில் ஏறக்குறைய 60 இனங்கள் உண்டு. 17ஆம் நூற்றாண்டில் பிரேசிலின் உயிரினங்களை ஆராய்ந்த கேயோர்க் மார்க்கிரேவின் பெயரையே இதற்குச் சூட்டியிருக்கிறார்கள்.

இளங்கொடி பற்றுவேர்களால் அடிமரத்தைப் பிடித்து ஏறுகிறது. காம்பில்லாத சிறு இலைகள் இரண்டு வரிசையாக, பசை தடவி ஒட்டியதுபோல் பட்டையோடு படிந்து கிடக்கும். மரத்தின் சாற்றை இது உறிஞ்சுவதில்லை. ஏறிச்செல்ல இடம் கிடைத்தால் போதும். உயரே வெளிச்சம் எட்டியதும் ஆளே மாறிவிடுகிறது. கிளைகள் மரத்தை விட்டு விலகித் தொங்குகின்றன. இலைகள் தடித்து, காம்பு பெற்று, தண்டைச் சுற்றிலும் அமைகின்றன. பூப்பதும் இந்தக் கிளைகளின் நுனியில்தான்.

பூங்கொத்து விரித்த குடைபோலத் தொங்கும். வளமான பூக்கள் சுற்றிலும் இருக்க, நடுவிலுள்ளவை மலடு. அவற்றின் பூவடிச்செதில்கள்தான் கிண்ணங்களாக மாறித் தேனைத் தேக்குகின்றன. வளமான பூவின் இதழ்களோ ஒன்றாக இணைந்து தொப்பிபோல் மூடியிருந்து, மலரும்போது முழுசாகக் கழன்று விழுந்துவிடும். இதழைக் காட்டி யாரையும் அழைக்கும் எண்ணம் இந்தச் செடிக்கு இல்லை.

கியூபாவின் மார்க்கிரேவியா ஈவினியா அழைக்கும் விதமே வேறு. அதற்கு மகரந்தம் சுமப்பவை வௌவால்கள். இருட்டில் நிறத்தால் என்ன பயன்? வௌவால் தான் எழுப்பும் ஒலி பட்டுத் திரும்பும் எதிரொலியைக் கேட்டுத்தான் வழி தேடுகிறது. அதன் பூங்கொத்துக்கு மேலே ஓர் இலை கிண்ணம்போல் குழிந்து நிமிர்ந்து நிற்கிறது. சாதாரணத் தட்டை இலை, நேர் எதிரே இருந்து வரும் ஒலியைத்தான் பலமாகத் திருப்பி அனுப்பும். வௌவால் சற்று விலகினாலும் எதிரொலி மாறிவிடும். குழிந்த இலையோ பல கோணங்களிலும் பலமான, ஏறக்குறைய மாறாத எதிரொலியைத் தருகிறது. அசைந்து குழம்பும் இலைக்கூட்டத்தின் நடுவே, வௌவாலின் காதுக்கு அது தனித்து ஒலிக்கும்.

இது வெறும் ஊகமல்ல. செயற்கை இலைத்தழைக்குள் தேன்குப்பியை ஒளித்துவைத்து வௌவால்களைத் தேடவிட்டது ஆய்வாளர் ரால்ஃப் சைமனின் குழு. குப்பியின் மேல் கிண்ண இலையின் மாதிரியை வைத்தபோது, தேடும் நேரம் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. சாதாரண இலையின் மாதிரி அப்படி உதவவில்லை. 2011இல் ‘சயின்ஸ்’ இதழில் முடிவுகள் வெளியாயின.

அந்த இலைக்கு இதில் நஷ்டமும் உண்டு. குழிந்து நிமிர்ந்து நிற்பதால், மற்ற இலைகள் அளவுக்கு அதனால் வெயிலைப் பிடித்து உணவு தயாரிக்க முடிவதில்லை.