இலை உதிர்ந்தும் பசுமை மாறாத மஞ்சள் புதர்

கேப் டவுனின் ரைலண்ட்ஸ் பகுதியிலிருந்து வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "எங்கள் தெருமுனையில் ஒரு புதர் வசந்தத்தில் மஞ்சளாகப் பூத்துக் குலுங்குகிறது. கோடையில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடாவிட்டாலும் வாடுவதில்லை. ஆனால் அதில் இலையையே காணோம். அது எப்படி உயிர் வாழ்கிறது? வீட்டில் வளர்க்கலாமா?" 2018 பிப்ரவரியில் ஆளுக்கு நாளொன்றுக்கு 50 லிட்டர் தண்ணீர் என்ற கட்டுப்பாட்டுக்குள் வாழ்ந்த நகரில் இக்கேள்வி எழுவது இயல்பே.

அவர் சொல்லும் அடையாளங்கள் ஸ்பானிஷ் புரூம் எனப்படும் ஸ்பார்ட்டியம் ஜன்சியம் செடிக்குப் பொருந்துகின்றன. மத்தியதரைக் கடலோர நாடுகளுக்கு உரிய இச்செடி அவரைக் குடும்பத்தைச் சேர்ந்தது. தமிழக வயல்களில் பசுந்தாள் உரமாக மடக்கி உழப்படும் சணப்பைக்கு உறவு. இரண்டிலும் மஞ்சள் பூ, இரண்டிலும் நார். 'ஜன்சியம்' என்றால் 'கோரை போன்றது' என்று பொருள்; சணப்பையின் அறிவியல் பெயரிலும் அதே அடைமொழியே இருக்கிறது.

ஒளிச்சேர்க்கையைப் பள்ளியில் படித்திருக்கிறோம். கரியமில வாயுவை உள்ளே விட இலைத்துளைகள் திறந்தாக வேண்டும். திறந்தால் நீராவி வெளியேறும். ஒரு கரியமில வாயு மூலக்கூறைப் பெற நூற்றுக்கணக்கான நீர் மூலக்கூறுகளை இழக்க நேரிடுகிறது. ஸ்பானிஷ் புரூம் இச்செலவை எப்படிக் குறைக்கிறது என்பதில்தான் அதன் அழகு எனக்குத் தெரிகிறது. ஈரம் இருக்கும் வசந்தத்தில் மட்டும் அது சிறு இலைகளை விடுகிறது. வெயில் ஏறியதும் உதிர்த்துவிடுகிறது. அதன்பின் பச்சைத் தண்டுகளே சமையலை ஏற்கின்றன. தண்டை மெல்லியதாகச் சீவிப் பார்த்தால், நார்க்கற்றைகளுக்கு இடையில் பசுந்திசு வரிவரியாக அமைந்திருப்பதையும், துளைகள் அந்த வரிகளின் மேல் திறப்பதையும் காணலாம். தண்டுகள் செங்குத்தாக நிற்பதால், காற்று குளிர்ந்திருக்கும் காலையிலும் மாலையிலும் சாய்வான வெயிலைப் பக்கவாட்டில் முழுதாக வாங்கிக்கொள்கின்றன. உச்சிவெயில் அவற்றை உரசிக்கொண்டே இறங்கிவிடுகிறது. தண்டின் உள்திசுக்கள் சுவாசித்து வெளியிடும் கரியமில வாயுவில் ஒரு பகுதியும், துளையைத் திறக்கும் அவசியமின்றி, அங்கேயே மீண்டும் உணவாகிறது. வேலியோரத் திருகுகள்ளியும், வேறு குடும்பத்தில் பிறந்திருந்தும், பச்சைத் தண்டை நம்பியே வாழ்கிறது.

இனி இரண்டாம் கேள்வி. மழை குளிர்காலத்திலும் வறட்சி கோடையிலும் வரும் கேப் பகுதி இச்செடிக்குப் பிறந்த வீட்டைப் போன்றது. அதனாலேயே அது இங்கே ஆக்கிரமிப்புச் செடியாகிவிட்டது. மேற்குக் கேப் மாகாணத்தில் இதை நடவோ விற்கவோ சட்டம் அனுமதிப்பதில்லை. காய்கள் காய்ந்து முறுக்கி வெடித்து விதைகளைச் சிதறடிக்கின்றன. கெட்டித் தோலுள்ள அவ்விதைகள் மண்ணில் பல ஆண்டுகள் உறங்கக்கூடியவை. இச்செடியை அகற்றும் பணியில் ஒருமுறை வெட்டுவதற்கு மட்டும் பணம் ஒதுக்கிவிட்டு, அடுத்தடுத்த ஆண்டுகளில் முளைக்கும் கன்றுகளைப் பிடுங்க ஒதுக்காமல் விடுவது, ஒதுக்கிய பணத்தையும் வீணாக்குவதே என்பது என் உறுதியான கருத்து.

மாற்றாக, இம்மண்ணுக்கே உரிய கலோபோட்டா சைட்டிசாய்டிஸை வாசகருக்குப் பரிந்துரைக்கிறேன். வெள்ளி பூத்தாற்போன்ற இலைகளும் மஞ்சள் பூக்களும் கொண்ட இதுவும் அவரைக் குடும்பமே, வறட்சியைத் தாங்குவதே. விதைகளைச் சுடுநீர் ஊற்றி இரவு முழுதும் ஊறவிட்டு, இலையுதிர் காலத்தில் மணற்பாங்கான கலவையில் விதைக்கவேண்டும். வேர் முடிச்சுகளில் வாழும் பாக்டீரியா நைட்ரஜனைத் தருவதால் உரம் தேவையில்லை. கன்று சிறிதாக இருக்கும்போதே, நல்ல வெயில் படும், நீர் தேங்காத இடத்தில் நட்டு, முதல் கோடையில் மட்டும் அளவாக நீர் ஊற்றினால் போதும்.