எரிச்சல் என்று ஒரு குற்றம்

மொரீஷியஸ் தலைநகர் போர்ட் லூயிஸில் வழக்கறிஞராக இருக்கும் என்னிடம் வரும் ஃபேஸ்புக் வழக்குகள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் ஆரம்பிக்கும். வீட்டுக்கு ஒரு போன் வரும். "ஸ்டேஷனுக்குக் கொஞ்சம் வந்துவிட்டுப் போங்கள், ஒரு விசாரணை" என்று பணிவாகவே பேசுவார்கள். போனவர் இருட்டிய பிறகு வீடு திரும்புவார். கைபேசி திரும்பாது.

அப்படி வந்தவர்களில் ஒருவர் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் (அடையாளம் தெரியாதிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்). தைப்பூசக் காவடிக்கு நான்கு நாள் இருக்கையில் கோயிலுக்குப் போகும் சாலை தோண்டிப் போட்டபடி கிடந்தது. யாரோ அதைப் படம் எடுத்து, உள்ளூர்ப் பிரமுகர் ஒருவரைக் கிண்டலடித்துப் போட்டிருந்தார்கள். இவர் அதை எடுத்து, "வெறுங்காலோடு நடக்கப்போவது இவரா?" என்று ஒரு வரி சேர்த்துப் பகிர்ந்துவிட்டார். "மோ ஸிஸ் ஃபின் பார்தாஸே, மகளே" என்று என் எதிரில் உட்கார்ந்து, எங்கள் தீவின் பேச்சுமொழியான கிரியோலில் சொன்னார். ஷேர்தான் பண்ணினேன் என்கிறார். வீட்டில் தேவாரம், வெளியில் கிரியோல் என்று வாழ்ந்த மனிதர். எழுபது வயதில் முதல் தடவையாகக் கைரேகை கொடுத்திருந்தார்.

அவர் மேல் வந்த புகார், பிரமுகருக்கு எரிச்சல் ஏற்பட்டது என்பது.

மொரீஷியஸின் தகவல் தொடர்புத் தொழில்நுட்பச் சட்டம் 2001இல் வந்தது. அதன் 46ஆம் பிரிவில் வேறு பல குற்றங்களோடு இந்த எரிச்சலும் உட்கார்ந்திருக்கிறது. 2018இல் அந்தப் பிரிவைத் திருத்தி வலையை இன்னும் அகலமாக்கினார்கள். எரிச்சலோடு அவமானம், மனவேதனை எல்லாம் சேர்ந்தன, அதிகபட்சத் தண்டனை 5 ஆண்டிலிருந்து 10 ஆண்டானது. எரிச்சலை எதை வைத்து அளப்பது? வயிற்றெரிச்சலுக்கு மருந்துக்கடையில் மாத்திரை கிடைக்கும். பதவியில் இருப்பவரின் எரிச்சலுக்கு மட்டும் போலீஸ் வருகிறது. 2020 ஏப்ரலில், ஊரடங்குக்கு நடுவே, பிரதமரைப் பற்றிய ஒரு நையாண்டிப் பதிவைப் பகிர்ந்ததற்காக ஒரு பெண்ணைக் கைது செய்தார்கள். அது நையாண்டி என்பது படித்த யாருக்கும் புரியும்.

2021இல் உச்ச நீதிமன்றம் சீகும் என்பவரின் வழக்கில் 2018க்கு முந்தைய பழைய வாசகத்தைப் பார்த்துவிட்டு, இது குற்றம் என்று ஒருவனுக்கு முன்கூட்டியே தெரியாத அளவுக்குச் சொற்கள் தெளிவில்லாமல் இருக்கின்றன என்று சொல்லித் தண்டனையை ரத்து செய்தது. நல்ல தீர்ப்பு. ஆனால் என் கட்சிக்காரர்களில் பாதிப்பேர் தீர்ப்பு என்கிற இடத்துக்கே போவதில்லை. இங்கே தற்காலிகக் குற்றச்சாட்டு என்று ஒன்று உண்டு. விசாரணை முடிவதற்கு முன்பே போலீஸ் ஒருவர் மேல் குற்றச்சாட்டை மாவட்ட நீதிமன்றத்தில் போட்டுவிடலாம். அப்புறம் ஜாமீன், வாய்தா, வெளிநாடு போக அனுமதி மனு. மகள் பிரசவத்துக்குப் பிரான்ஸ் போக வேண்டியவர் நீதிமன்றத்தில் காத்துக்கிடப்பார். கடைசியில் ஒருநாள் குற்றச்சாட்டைத் திரும்பப் பெற்றுவிடுவார்கள். யாரும் தண்டிக்கப்படவில்லை என்று கணக்கில் இருக்கும்.

இந்தத் தீவில் பத்திரிகைச் சுதந்திரம் பிறந்த கதையே விநோதமானது. தணிக்கை இல்லாத முதல் பத்திரிகையான லெ செர்னியனை 1832இல் கொண்டுவந்த அத்ரியேன் டெப்பினே, அடிமைகளை வைத்திருந்த முதலாளிகளின் வழக்கறிஞர். கரும்புத் தோட்டத்தில் வெட்டிக்கொண்டிருந்தவனுக்கு அதில் ஒரு வரியும் கிடையாது. ஆனாலும் அந்தக் கதவு திறந்ததால்தான் பின்னால் வந்தவர்கள் உள்ளே நுழைய முடிந்தது. 1984இல் அரசு ஒவ்வொரு பத்திரிகையும் 5 லட்சம் ரூபாய் பிணைத்தொகை கட்ட வேண்டும் என்றபோது தெருவில் நின்று கைதானவர்கள் 44 பத்திரிகையாளர்கள்.

தமிழர்களாகிய நமக்கு இது யாரோ ஒருவருடைய சண்டை என்று நினைப்பவர்களிடம் நான் 1998ஐச் சொல்வேன். அந்த ஆண்டு புதிதாக வந்த ரூபாய் நோட்டில் வழக்கமாக இரண்டாவதாக இருக்கும் தமிழ் எழுத்து இந்திக்குக் கீழே போயிருந்தது. நம்மவர்கள் சும்மா இருக்கவில்லை. கோயிலில், தெருவில், பத்திரிகையில் எங்கும் அதே பேச்சு. கடைசியில் நோட்டுகளையே திரும்பப் பெற்று வேறு அச்சடித்தார்கள். இன்று உங்கள் பர்ஸில் இருக்கும் நோட்டை எடுத்துப் பாருங்கள், ஆங்கிலத்துக்கு அடுத்துத் தமிழ். அன்று நாம் எத்தனை பேருக்கு எரிச்சல் மூட்டியிருப்போம்! கையில் ஃபேஸ்புக்கும் புத்தகத்தில் 2018இன் வாசகமும் இருந்திருந்தால், அதில் பாதிப்பேர் என் அலுவலக பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள்.

சரி, 2024 நவம்பர் 1ஐ யாரும் மறந்திருக்கமாட்டீர்கள். மிஸியே முஸ்தாஸ் (மீசைக்காரர்) என்ற அநாமதேயக் கணக்கில் தொலைபேசி ஒட்டுக்கேட்பு ஒலிப்பதிவுகள் வெளிவந்துகொண்டிருந்த நேரம். தேர்தல் நவம்பர் 10. சமூக ஊடகம் முழுவதையும் 11ஆம் தேதிவரை நிறுத்தச் சொல்லி உத்தரவு வந்தது. அன்று என் போனுக்கு வந்தவை பெரும்பாலும் வழக்கு விசாரணை அல்ல, "வாட்ஸ்அப் போகுமா?" என்ற கேள்விதான். எதிர்ப்பு கிளம்பியதும் மறுநாளே உத்தரவை விலக்கிக்கொண்டார்கள். தேர்தலில் ஆளுங்கட்சிக் கூட்டணி நேரடியாக ஓர் இடத்தில்கூட ஜெயிக்கவில்லை.

ஒன்றைச் சொல்லாவிட்டால் நான் நேர்மையானவளல்ல. இதே 46ஆம் பிரிவைக் கையில் எடுத்துக்கொண்டு நானும் ஸ்டேஷன் படி ஏறியிருக்கிறேன். முன்னாள் காதலன் அந்தரங்கப் படத்தைப் பரப்பிவிட்டான் என்று அழுதுகொண்டு வரும் பெண்ணுக்குச் சட்டம் வேண்டும். இன்னொரு சமூகத்தை அடிக்கத் தூண்டுபவனுக்கும் வேண்டும். 1999 பிப்ரவரியில் இங்கே சமூகங்களுக்கிடையே மூண்ட கலவரத்தைப் பார்த்தவர்களுக்கு அது ஏன் என்று தெரியும். அடியையும் எரிச்சலையும் ஒரே தட்டில் வைப்பதைத்தான் எதிர்க்கிறேன்.

போன் வந்தால் முதலில் பதிவை அழிக்காதீர்கள். எங்கள் ஆசிரியர் அதைத்தான் செய்தார். அழித்தது குற்ற உணர்வுக்கு அடையாளம் என்று பிறகு அதையே திருப்பினார்கள். உங்கள் பதிவு என்ன சொன்னது, எந்தப் பதிவுக்குப் பதிலாக வந்தது என்பதோடு சேர்த்துப் படம்பிடித்து வையுங்கள். எந்தப் பிரிவில் விசாரிக்கிறார்கள் என்று கேளுங்கள். வழக்கறிஞர் வரும்வரை வாக்குமூலம் வேண்டாம். பேசாமல் இருக்க உங்களுக்கு உரிமை உண்டு. "நட்பாகப் பேசி முடித்துக்கொள்ளலாம்" என்பவரிடம் நட்பாகவே இருங்கள், ஆனால் வாயைத் திறக்காதீர்கள்.

ஆசிரியரின் குற்றச்சாட்டு பதினான்கு மாதம் கழித்துக் கைவிடப்பட்டது. கைபேசியும் வந்தது, பேட்டரி உப்பிப்போய். அடுத்த தைப்பூசத்துக்கு முன்பு எனக்கு வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினார். அதே சாலை, அதே பள்ளம். கீழே ஒரு வரி: "உனக்கு மட்டும்தான் மகளே, யாருக்கும் அனுப்பிவிடாதே."