சோளகத்துக்கு எதிராகச் சைக்கிள் உழக்கினால் குருதியில் என்ன நடக்கிறது?

ஆனி, ஆடி மாதங்களில் யாழ்ப்பாணத்துப் பண்ணைப் பாலத்தால் தீவுப் பக்கம் சைக்கிள் உழக்கியவர்களுக்கு, தென்மேற்கிலிருந்து வீசும் சோளகக் காற்றைப் பற்றிச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. இரண்டு பக்கமும் கடல், மறைப்புக்கு ஒரு மரமில்லை, காலை எடுத்தால் சைக்கிள் பின்னுக்கு வந்துவிடும் போலிருக்கும். அப்படி ஒரு மணித்தியாலம் உழக்கி இறங்கியவரின் குருதியை அந்த இடத்திலேயே எடுத்து, ஆள் யாரென்று சொல்லாமல் ஆய்வுகூடத்துக்கு அனுப்பினால் அறிக்கை கொஞ்சம் பயமுறுத்தும். வெண்குழியங்கள் கூடியிருக்கும். அழற்சியோடு, அதாவது கிருமிக்கோ காயத்துக்கோ உடல் காட்டும் எதிர்ப்போடு, சேர்த்துப் பேசப்படும் இன்ரலூக்கின்-6 என்ற புரதம் கூடியிருக்கும். ஒட்சியேற்றத்தால் சிதைந்த கொழுப்பின் எச்சங்களும் அகப்படலாம். காய்ச்சலில் படுத்திருப்பவரின் குருதியிலும் இவற்றில் பலவற்றைக் காணலாம்.

ஆனால் நாள்தோறும் சைக்கிள் ஓடுபவரின் உடலில் அழற்சியும் ஒட்சியேற்ற அழுத்தமும் மற்றவர்களைவிடக் குறைவு என்றுதான் ஆய்வுகள் காட்டுகின்றன. கூட்டுகிற ஒன்றே எப்படிக் குறைக்கிறது?

முதலில் ஒட்சிசனைப் பார்ப்போம். நாம் மூச்செடுக்கும் ஒட்சிசன் மூலக்கூறு, ஓர் இலத்திரனைக் கூடுதலாக வாங்கிக்கொண்டால் சுப்பர்ஒட்சைட்டு ஆகிறது. அதை அடக்குவதற்கென்றே நம் கலங்களில் ஒரு நொதியம் இருக்கிறது என்று 1969 இல் அமெரிக்காவில் ஜோ மக்கோட், இர்வின் பிரிடோவிச் என்ற இருவர் கண்டுபிடித்தார்கள். அந்த நொதியம் சுப்பர்ஒட்சைட்டை ஐதரசன் பரஒட்சைட்டாக மாற்றும். அதை வேறு நொதியங்கள் தண்ணீராக்கிவிடும். இந்த வேலை பின்தங்கி, உற்பத்தி முந்திவிட்டால் கொழுப்பு, புரதம், டி.என்.ஏ. எல்லாவற்றிலும் கீறல் விழத் தொடங்கும். இதைத்தான் ஒட்சியேற்ற அழுத்தம் என்கிறோம்.

களைத்து விழும்வரை ஓடவிட்ட எலிகளின் தசையிலும் ஈரலிலும் சுப்பர்ஒட்சைட்டுப் போன்ற சுயாதீன மூலிகங்கள் இரண்டு மூன்று மடங்கு கூடுவதை 1982 இல் அளந்து காட்டினார்கள். அது வெளிவந்த பின் நெடுங்காலம் ஆராய்ச்சியாளர்களுக்கே குழப்பம்: பயிற்சி நல்லதென்றால் இது ஏன் நடக்கிறது? கலத்துக்குச் சக்தி தரும் இழைமணிகளிலிருந்துதான் எல்லாம் கசிகிறது என்று அப்போது நினைத்தார்கள். சுருங்கும் தசையின் மென்சவ்விலுள்ள வேறொரு நொதியத்துக்குத்தான் பெரும்பங்கு என்பது பிற்பட்ட காலத்துக் கருத்து. எங்கிருந்து வந்தாலும், வந்தபின் அது செய்யும் வேலைதான் நமக்கு முக்கியம்.

கலத்துக்குள் கீப்1 என்று ஒரு புரதம் இருக்கிறது. அது என்.ஆர்.எப்.2 என்ற இன்னொரு புரதத்தைப் பிடித்துவைத்து, உடனுக்குடன் அழிப்பதற்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். கீப்1 இல் சில கந்தக முனைகள் உண்டு. ஐதரசன் பரஒட்சைட்டு கொஞ்சம் கூடினால் அந்த முனைகள் ஒட்சியேறி, பிடி தளர்கிறது. தப்பிய என்.ஆர்.எப்.2 கருவுக்குள் போய், பாதுகாப்பு நொதியங்களுக்கான பரம்பரையலகுகளை ஒன்றாகத் தட்டி எழுப்புகிறது. காற்றுக்கு எதிராக உழக்கிய அந்த ஒரு மணித்தியாலம் உண்டாக்கிய தொந்தரவு சில மணித்தியாலங்களில் அடங்கிவிடும். அது எழுப்பிய நொதியங்கள் அதற்குப் பிறகும் வேலை செய்துகொண்டிருக்கும். கிழமைக் கணக்கில் தொடர்ந்தால் அவற்றின் அளவே உயர்ந்து நிற்கிறது.

அழற்சியின் கதையும் இதே போக்குத்தான். கிருமி உள்ளே வந்தால் முதலில் ரி.என்.எப். என்ற புரதம் ஏறும், அதன் பின்னால் இன்ரலூக்கின்-6. உடற்பயிற்சியில் முதலாவது ஆள் வருவதில்லை. சுருங்கும் தசையே இன்ரலூக்கின்-6 ஐக் குருதிக்குள் விடுகிறது. மரதன் ஓட்டம் போன்ற கடும் ஓட்டத்தில் அது நூறு மடங்குவரை போகலாம். டென்மார்க்கைச் சேர்ந்த பென்டே பெடர்சன் என்ற மருத்துவரின் குழு இதை ஆண்டுக்கணக்காகத் துருவியது. ரி.என்.எப். இல்லாமல் தனியே வரும் இன்ரலூக்கின்-6, அழற்சியைத் தணிக்கும் வேறு புரதங்களை வரவழைக்கிறது என்று தெரியவந்தது. 2003 இல் வெளிவந்த ஒரு பரிசோதனையில், நலமான ஆண்களை மூன்று மணித்தியாலம் சைக்கிள் உழக்கவைத்து, முடியும் தறுவாயில் பற்றீரியா நஞ்சைச் சிறிதளவு ஊசியால் ஏற்றினார்கள். சும்மா இருந்தபோது அதே நஞ்சு ரி.என்.எப். ஐ இரண்டு மூன்று மடங்கு ஏற்றியது. உழக்கியபோது ஏறவில்லை. துணிச்சலான பரிசோதனைதான், நான் என்றால் கையை நீட்டியிருக்க மாட்டேன்.

நமக்குக் கேடு செய்வது ஏறி இறங்கும் அழற்சியில்லை, நீறு பூத்த நெருப்பாக வருடக்கணக்கில் கிடக்கும் அழற்சி. அதற்கு வலியில்லை, வீக்கமில்லை, காய்ச்சலில்லை. வயிற்றுக்குள் சேரும் கொழுப்பு அதற்கு ஒரு முக்கிய இருப்பிடம். கொழுப்புத் திசுவே ரி.என்.எப். ஐச் சுரக்கிறது என்று 1993 இல் பருத்த எலிகளில் காட்டினார்கள். அந்த ரி.என்.எப். இன்சுலினின் வேலையைக் குழப்புகிறது, குளுக்கோசு ஏறுகிறது, ஏறிய குளுக்கோசு ஒட்சியேற்ற அழுத்தத்தைக் கூட்டுகிறது, அது மறுபடி அழற்சிப் பரம்பரையலகுகளைத் தூண்டுகிறது. தெற்காசியர்களுக்கு உடம்பு பெரிதாகப் பருக்காமலே வயிற்றில் சேர்ந்துவிடும். அதனால்தான் இடுப்புச் சுற்றளவின் எல்லையை நமக்கு ஆண்களுக்கு 90 சென்ரிமீற்றர், பெண்களுக்கு 80 சென்ரிமீற்றர் என்று இறக்கிவைத்திருக்கிறார்கள்.

காய்ச்சலென்று போனால் "சி.ஆர்.பி. பார்க்கச் சொன்னவை" என்று ஒரு துண்டோடு வருவோமே, அழற்சி வந்தால் குருதியில் கூடும் புரதமான அதே சி.ஆர்.பி. யை நுணுக்கமாக அளந்தால் இந்த மௌன அழற்சியும் தெரியும். லீற்றருக்கு 1 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் இதயநோய் ஆபத்துக் குறைவு, 3 ஐத் தாண்டினால் அதிகம். கிருமித் தொற்றில் இதுவே நூறையும் தாண்டும். ஆகவே தடிமன், காய்ச்சல் உள்ள நேரத்திலும் கடுமையாக ஓடிய மறுநாளிலும் இதைப் பார்த்துக் கணக்கெடுப்பதில் பயனில்லை.

சரி, ஒட்சியேற்றம்தான் பிரச்சினை என்றால் அதை எதிர்க்கும் குளிசையை விழுங்கினால் போச்சு என்று தோன்றும். பாமசியில் "தம்பி, சத்துக்கு ஏதும் குளிசை தாங்கோ" என்று கேட்பவருக்கு அநேகமாக விற்றமின் சி, ஈ கலந்த ஒன்றுதான் கைக்கு வரும். 2009 இல் ஜேர்மனியில் மைக்கேல் ரிஸ்ரோவின் குழு இளைஞர்களை நான்கு கிழமை பயிற்சி செய்யவைத்தது. பாதிப்பேருக்கு நாளொன்றுக்கு 1000 மில்லிகிராம் விற்றமின் சி, 400 அலகு விற்றமின் ஈ. குளிசை எடுக்காதவர்களுக்கு இன்சுலின் உணர்திறன் உயர்ந்தது. எடுத்தவர்களுக்கு உயரவில்லை; பாதுகாப்பு நொதியங்களின் பரம்பரையலகுகளும் எழும்பவில்லை. கீப்1 க்குப் போகவேண்டிய செய்தியைக் குளிசை வழியிலேயே துடைத்துவிட்டது என்பதுதான் அவர்களின் விளக்கம். பின்வந்த எல்லா ஆய்வுகளும் இதே அளவுக்குக் கடுமையான முடிவைத் தரவில்லை. ஆனால் பெரிய அளவுக் குளிசைகள் பயிற்சியின் பயனைக் கூட்டுகின்றன என்று நம்ப எனக்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை. பின்லாந்தில் 29,133 ஆண் புகைபிடிப்பாளர்களை வைத்துச் செய்து 1994 இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் கசப்பானது: பீற்றா கரோட்டீன் குளிசை எடுத்தவர்களில் நுரையீரல் புற்றுநோய் 18 வீதம் கூடியது.

அப்படியென்றால் கீரையும் கிழங்கும் பழமும் எப்படி உதவுகின்றன? அவற்றிலும் அதே ஒட்சியேற்ற எதிரிகள்தானே இருக்கின்றன? சின்ன வெங்காயத்தின் குவெர்செற்றின், மஞ்சளின் குர்க்குமின் போன்றவை குடலில் சொற்பமாகவே உறிஞ்சப்படுகின்றன. உறிஞ்சப்பட்டதையும் ஈரல் உடனே உருமாற்றிவிடும். கலத்துக்குள் ஏற்கனவே இருக்கும் ஒட்சியேற்ற எதிரியான குளுற்றதயோனின் செறிவோடு பார்த்தால் இவை ஒரு மூலைக்கும் காணாது. நேரடியாகத் துடைப்பது இவற்றின் பெரிய வேலையாக இருக்க முடியாது.

கோவா (முட்டைக்கோசு) வறைக்குக் கோவா அரியும்போது மூக்கில் ஏறும் அந்தக் காரவாசனையைக் கவனித்திருப்பீர்கள். முழுக் கோவாவில் அந்த வாசனை இல்லை. இலையில் குளுக்கோசினோலேற்று ஓரிடத்திலும் மைரோசினேசு என்ற நொதியம் வேறிடத்திலும் இருக்கின்றன. கத்தி பட்டுக் கலம் உடையும்போதுதான் இரண்டும் சந்திக்கின்றன. அப்போது உண்டாகும் ஐசோதயோசயனேற்று, பூச்சியை விரட்டத் தாவரம் செய்துகொள்ளும் நஞ்சு. நம் உடலிலோ அந்தச் சிறிதளவு நஞ்சு போய்த் தொடுவது அதே கீப்1 இன் கந்தக முனைகளைத்தான். பண்ணைப் பாலத்துக் காற்று திறந்த அதே கதவு. முருங்கையிலையும் இந்த வகைச் சேர்மத்தைத் தரும். மைரோசினேசு சூட்டுக்குத் தாங்காது. அதனால் அரிந்தவுடன் தாச்சியில் கொட்டாமல், அரை மணித்தியாலம் போல வைத்துவிட்டு வதக்கினால் கூடுதலாகக் கிடைக்கும். தேங்காய்ப்பூவைத் திருவவும் வெங்காயம் உரிக்கவும் அந்த நேரம் சரியாக இருக்கும்.

பீற்றூட்டின் வழி வேறு. அதிலுள்ள நைத்திரேற்றை நாக்கிலுள்ள பற்றீரியாக்கள் நைத்திரைற்றாக மாற்ற, அது உடலில் நைத்திரிக்கு ஒட்சைட்டாகிக் குருதிக்குழாய்களைத் தளர்த்துகிறது. கிருமிகொல்லி வாய்க்கழுவி பாவித்தால் இந்த வழி அடைபட்டுவிடும்.

எனக்கு இவை எல்லாவற்றையும்விடப் பெரிதாகப் படுவது நார்ப்பொருள். தவிடு நீக்காத சிவப்பரிசி, குரக்கன், ஒடியல், பயறு, கீரை ஆகியவற்றில் நாம் சமிக்க முடியாததை எல்லாம் பெருங்குடல் பற்றீரியாக்கள் நொதிக்கவைத்து, பியூற்றிரேற்று போன்ற குறுங்கொழுப்பமிலங்களைத் தருகின்றன. பெருங்குடலின் உட்சுவர்க் கலங்கள் தமக்கு வேண்டிய சக்தியின் பெரும்பகுதியை அதிலிருந்தே எடுக்கின்றன. அந்தச் சுவர் இறுக்கமாக இருந்தால் பற்றீரியா நஞ்சு குருதிக்குள் கசியாது. டென்மார்க்கில் ஊசியால் ஏற்றியதை, நார்ப்பொருள் இல்லாத சாப்பாடு சிறுகச் சிறுக உள்ளிருந்தே ஏற்றலாம் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

இந்த இடத்தில் எங்கள் ஊரோடு ஒரு வழக்கு இருக்கிறது. நல்லூர்க் கந்தன் திருவிழாவுக்குக் கொடி ஏறினால் இருபத்தைந்து நாளும் பல வீடுகளில் மச்சம் (மீன், இறைச்சி) இல்லை. நல்லது. ஆனால் அந்த நாட்களில் இலையில் விழுவதைப் பாருங்கள்: தீட்டிய வெள்ளையரிசிச் சோறு, அப்பளம், வடை, மோர்மிளகாய்ப் பொரியல், பாயசம், இரவுக்கு அவித்த கோதுமை மாவில் இடியப்பம். எல்லாமே தாவரம்தான், ஆனால் பெருங்குடல் பற்றீரியாவுக்கு அதில் அதிகம் மிஞ்சாது. நியூயோர்க்கில் இதயநோயாளிகள் 100 பேரை வைத்து எட்டுக் கிழமை செய்து 2018 இல் வெளியிட்ட ஆய்வில், முழுத் தாவர உணவு உண்டவர்களின் சி.ஆர்.பி., இதயநோய்ச் சங்கம் பரிந்துரைக்கும் உணவை உண்டவர்களைவிட 32 வீதம் குறைந்திருந்தது. அவர்கள் வடை சாப்பிடவில்லை. மச்சத்தோடு பாலையும் தயிரையும் முழுதாக விடுபவர்கள் விற்றமின் பி12 ஐ மட்டும் குளிசையாக எடுத்தே ஆகவேண்டும்; தாவரத்தில் அது கிடையாது.

தொண்ணூறுகளின் எரிபொருள் தடைக் காலத்தில் குடாநாடே சைக்கிளில் ஓடியது. 2022 இல் பெற்றோல் வரிசை நீண்டபோது கொட்டிலில் துருப்பிடித்துக் கிடந்தவை மறுபடி வெளியே வந்தன, பிறகு உள்ளே போயின. முன்னொரு காலத்தில் துலா மிதித்துத் தோட்டத்துக்கு இறைத்தவர்களுக்கு உடற்பயிற்சி என்று தனியே ஒன்று தேவைப்படவில்லை. இப்போது கிழமைக்கு 150 நிமிடம் என்று உலக சுகாதார நிறுவனம் கணக்குச் சொல்லவேண்டியிருக்கிறது.

அந்த நிமிடங்களை எப்போது செலவழிப்பது என்பதும் கவனிக்கத்தக்கது. சுருங்கும் தசை இன்சுலினைக் காத்திராமல் குளுக்கோசை இழுத்துக்கொள்ளும். சாப்பிட்ட பின் குளுக்கோசு செங்குத்தாக ஏறும் அந்த ஒன்றிரண்டு மணித்தியாலம்தான் ஒட்சியேற்ற அழுத்தமும் கூடும் நேரம். முதியவர்களை வைத்துச் செய்த ஓர் ஆய்வில், காலையில் ஒரேயடியாக 45 நிமிடம் நடப்பதைவிட, மூன்று வேளையும் சாப்பிட்ட பின் 15 நிமிடம் நடப்பது இரவுச் சாப்பாட்டுக்குப் பின்னான குளுக்கோசை நன்றாகக் கட்டுப்படுத்தியது. எங்களில் பலர் இரவு எட்டரைக்கு மேல் புட்டைச் சாப்பிட்டுவிட்டு நேரே நாடகத்துக்கு முன்னால் அமர்கிறவர்கள். விளம்பர இடைவேளைகளைக் கூட்டினால் 15 நிமிடம் தாராளமாக வரும். ஒழுங்கையில் இறங்கினால் நாய்கள் விடாது என்பது உண்மைதான். கிணற்றடிக்கும் படலைக்குமாக முற்றத்திலேயே நடக்கலாம்.